ராகுவும் நிழலும்: தேவிபிரசாத் சட்டோபாத்யாயா கேட்ட கேள்வி

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் நிகழ்ந்த சூரிய கிரகணம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் அது கங்கண கிரகணமாகத் தெரிந்தது. சென்னையில் பகுதி கிரகணம்தான். காலை எட்டு மணியை ஒட்டித் தொடங்கிப் பதினொரு மணியைத் தாண்டி முடிந்தது. அம்பத்தூரில் எங்கள் தெரு வேப்பமரத்தடியில் நாலைந்து பிள்ளைகளைக் கூட்டி வைத்திருந்தேன். இலைகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஊசித்துளைக் காமிராவைப் போல வேலை செய்யும் என்பது நீங்கள் அறிந்ததே. வழக்கமாகத் தரையில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சம், அன்று மேகம் விலகியபோதெல்லாம் பிறை பிறையாக விழுந்தது. பிள்ளைகள் அந்தப் பிறைகளைக் கையில் ஏந்திப் பார்த்துக் குதித்தார்கள்.

எதிர் வீட்டு ஆயா கதவைப் பாதி திறந்து, “தம்பி, நீ ஒண்ணும் சாப்பிடலையே?” என்று கேட்டார்.

“இல்ல ஆயா” என்றேன்.

அரைமணி நேரத்துக்கு முன்புதான் நாலு இட்லி சாப்பிட்டிருந்தேன்.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். கருநிழல், புறநிழல் படங்களைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைபவன். ஆயா என்னை என்ன செய்துவிடப் போகிறார்? ஒன்றுமில்லை. இருந்தும் அந்தப் பொய் ஒரு நொடியில் வாயில் வந்துவிட்டது. இதே போன்ற, ஆனால் இதைவிடப் பெரிய ஒரு பொய்யைப் பற்றிப் பின்னர் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த வரலாற்றையும், அதைத் தம் ஆராய்ச்சியில் ஒரு முக்கியமான தடயமாக எடுத்துக்கொண்ட தத்துவ அறிஞர் ஒருவரையும் உங்களுக்கு அறிமுகம் செய்யவே இக்கட்டுரை.

கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் நூலில் கிரகணத்துக்குக் காரணம் நிழலே என்று தெளிவாக எழுதிவிட்டார். சந்திரன் சூரியனை மறைக்கிறது. பூமியின் பெரிய நிழல் சந்திரனை மறைக்கிறது. வராகமிகிரரும் அதையே சொன்னார். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் ‘பிரம்ம ஸ்புட சித்தாந்தம்’ எழுதினார். பூச்சியத்தைக் கொண்டு கணக்கிட விதிகள் தந்த மாபெரும் கணித மேதை அவர். அந்த நூலில் அவர், ராகு கிரகணத்துக்குக் காரணமல்ல என்று சொல்கிறவர்கள் வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் முரணாகப் பேசுகிறார்கள் என்று ஆரியபட்டரையும் வராகமிகிரரையும் கண்டிக்கிறார். பிரமன் தந்த வரத்தால் ராகு நிழலுக்குள் புகுந்துகொள்கிறான் என்று ஒரு சமரசமும் சொல்லுகிறார். வேடிக்கை என்னவென்றால், கிரகணத்தைக் கணிக்க வேண்டிய இடத்தில் அவர் பூமியின் நிழலுடைய விட்டத்தைத்தான் கணக்கிடுகிறார். அங்கே ராகுவுக்கு வேலையே இல்லை.

சுமார் 1030-இல் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல் பிரூனி இதைப் படித்துத் திகைத்தார். இவ்வளவு அறிவும் கூர்மையும் உடையவர் மனச்சாட்சிக்கு விரோதமாக இப்படி எழுதியது ஏன்? சாக்ரடீசுக்கு நேர்ந்தது போன்ற ஏதோ ஓர் இக்கட்டு இவருக்கும் வந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அந்த நூலை எழுதியபோது பிரம்மகுப்தருக்கு வயது முப்பதுதான் என்பதையும் இரக்கத்தோடு குறித்து வைத்தார். வேப்பமரத்தடியில் நின்ற அன்று எனக்கும் ஏறக்குறைய அதே வயது. ஒப்புமை அதோடு சரி.

அல் பிரூனியின் விடை, அச்சம் என்பது. இருபதாம் நூற்றாண்டில் ஒரு வங்காளி அந்த விடையோடு நிற்கவில்லை. அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் யார்? அதனால் யாருக்கு லாபம்? விஞ்ஞானம் நன்றாக வளர்ந்து வந்த ஒரு நாட்டில் அது ஏன் தேங்கியது? இவை அவர் கேட்ட கேள்விகள். அவர்தாம் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா.

1918 நவம்பர் 19-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தவர் அவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றார். அவருடைய ஆசிரியர்கள் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவும் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும். வேதாந்தத்தை உலகுக்கு எடுத்துரைத்த ராதாகிருஷ்ணனின் மாணவர் மார்க்சியவாதியானார் என்பது சுவையான செய்தி. இளமையில் கவிதை எழுதினார். கல்கத்தா சிட்டி கல்லூரியில் நெடுங்காலம் தத்துவம் கற்பித்தார். குழந்தைகளுக்காக வங்காளியில் பல தொகுதிகள் கொண்ட அறிவுக் களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தார். தமிழ்வழிப் படித்துத் தமிழில் விஞ்ஞானம் எழுத முயலும் என் போன்றவனுக்கு அவருடைய கனமான ஆங்கில நூல்களைக் காட்டிலும் இந்தப் பணியே முதலில் பிடித்துப் போனது. 1993 மே 8-இல் மறைந்தார். 1998-இல், மறைவுக்குப் பின், பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

மார்க்சியத் தத்துவம் பொருள்முதல்வாதத்தின் மேல் நிற்கிறது. நம் ஊர்ப் பேச்சில் இச்சொல்லைக் கேட்டவுடன் பணத்தாசை என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. அப்படியன்று. உலகம் நம் எண்ணத்தைச் சாராமல் இருக்கிறது. பொருள் முதலில், சிந்தனை அதிலிருந்து பின்னால் தோன்றுகிறது என்பதே அதன் சாரம். எண்ணமே முதல், உலகம் அதன் தோற்றம் என்பது கருத்துமுதல்வாதம். இந்தியாவின் தத்துவம் முழுவதும் ஆன்மிகமே என்ற பேச்சு 1950-களில் வெளிநாட்டாரிடமும் நம்மவரிடமும் ஓங்கியிருந்தது. தேவிபிரசாத் அதை மறுக்க எடுத்துக்கொண்ட பொருள் உலகாயதம். ‘லோகாயத’ என்ற அவருடைய ஆங்கில நூல் 1959-இல் வெளிவந்தது.

இதில் ஒரு பெரிய சிக்கல். உலகாயதர் எழுதிய மூலநூல்கள் நம் கைக்கு வரவில்லை. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் அவர்களுடைய எதிரிகள் எழுதியவை. ஒரு வழக்கில் பிரதிவாதியின் வாக்குமூலம் தொலைந்துபோய், வாதியின் வக்கீல் எழுதிய சுருக்கம் மட்டும் மிஞ்சியது போல. தமிழிலும் இதுவே நிலைமை. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கருள் ஒருவனாகப் பூதவாதி வருகிறான். நீலகேசியில் பூதவாதச் சருக்கம் என்றே ஒரு பகுதி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார், பரபக்கத்தில் முதன்முதலாக மறுப்பதற்கு நிறுத்துவது உலகாயதனைத்தான். மறுக்கத் தகுந்தவனாக அவனைக் கருதினார்கள் என்பதே, அவன் நாட்டில் நடமாடினான் என்பதற்குச் சாட்சி.

மணிமேகலைப் பூதவாதி சொல்லும் உவமை ஒரு ரசாயனப் பாடம். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றவற்றோடு கூட்டி வைத்தால், தனித்தனியே அவற்றில் இல்லாத போதை பிறக்கிறது. அவ்வாறே பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரிந்தால் அடங்குகிறது என்கிறான். தனித்தனிப் பொருளில் இல்லாத குணம் சேர்க்கையில் தோன்றுகிறது என்ற இந்தக் கருத்து இன்றைய விஞ்ஞானத்துக்கு அன்னியமானதன்று. ஹைட்ரஜனிலும் ஆக்ஸிஜனிலும் ஈரம் ஏது? கண்ணால் கண்டதையே நம்புவேன் என்கிற அவனைப் பார்த்து மணிமேகலை நகைத்து, உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். வகுப்பில் இதைச் சொன்னால் எப்போதும் கைதட்டல்தான். ஆனால் இந்த மடக்குக்கு உலகாயதர் தரப்பில் பதில் இருந்தது. புரந்தரர் என்ற உலகாயதர், அனுபவத்தில் சரிபார்க்கக் கூடிய உலக விஷயங்களில் அனுமானத்தை ஏற்றுக்கொள்ளலாம், அனுபவத்துக்கு அப்பாற்பட்டவற்றில் கூடாது என்றார் என்று பௌத்த ஆசிரியர் ஒருவரின் நூல் வழியே அறிகிறோம். புகையைக் கண்டு நெருப்பை அறிவதில் தடையில்லை. போய்ப் பார்த்து உறுதி செய்யலாம். தேவிபிரசாத் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். சோதனைச்சாலையில் நாம் பின்பற்றும் விதியும் ஏறக்குறைய இதுவே அல்லவா? தமிழ் நூல்களில் பொதிந்த இந்தச் செய்திகளைத் தேவிபிரசாத்தின் வழியை ஒட்டி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், 1969-இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கிய நா. வானமாமலை.

‘லோகாயத’ நூல் முழுவதையும் நான் ஏற்பவன் அல்லன். உலகாயதத்தின் வேர் பழங்குடி மக்களின் விவசாயச் சடங்குகளிலும் தாந்திரிகத்திலும் தாய்வழிச் சமூகத்திலும் இருக்கிறது என்று காட்ட அவர் பல நூறு பக்கங்கள் எழுதினார். எல்லாச் சமூகங்களும் ஒரே படிக்கட்டில் ஏறின என்ற மார்கனின் பத்தொன்பதாம் நூற்றாண்டு மானிடவியலை அதற்கு நம்பினார். அந்தப் படிக்கட்டைப் பிற்கால மானிடவியலார் கைவிட்டுவிட்டார்கள். 2009-இல் சார்வாகர் பற்றிய தம் ஆய்வுகளை வெளியிட்ட ராமகிருஷ்ண பட்டாச்சார்யா போன்றவர்கள், சிதறிக் கிடக்கும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திரட்டி எடை போடும் சிக்கனமான வழியில் சென்றார்கள். ஆனால் அந்த வழிக்குக் கதவைத் திறந்து விட்டவர் தேவிபிரசாத் என்பதை மறக்கலாகாது.

1977-இல் அவர் வெளியிட்ட ‘பண்டைய இந்தியாவில் விஞ்ஞானமும் சமூகமும்’ என்ற பொருள்படும் நூல், விஞ்ஞான மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. அதன் நாயகர்கள் மருத்துவர்கள். சரக சம்ஹிதை, தெய்வத்தைச் சார்ந்த சிகிச்சை, யுக்தியைச் சார்ந்த சிகிச்சை என்று பிரிக்கிறது. மந்திரம், தாயத்து முதலியன முன்னது. உணவும் மருந்தும் பின்னது. இந்தப் பின்னதுதான் மருத்துவத்தை விஞ்ஞானமாக்கியது என்றார் தேவிபிரசாத். சுசுருத சம்ஹிதை ஒருபடி மேலே போகிறது. உடலின் உள்ளமைப்பை அறிய விரும்புகிறவன், பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, மெதுவாக ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பிறகு தூரிகையால் தோலை அடுக்கடுக்காக நீக்கி நேரில் காண வேண்டும் என்கிறது.

இதே மருத்துவர்களைப் பற்றிச் சட்ட நூல்கள் என்ன சொல்லின? மருத்துவன் தரும் உணவு சீழுக்குச் சமம் என்கிறது மனு. தேவ மருத்துவர்களான அசுவினி தேவர்களே மனிதரோடு கலந்து திரிந்ததால் தூய்மை குன்றியவர்கள் என்கிறது தைத்திரீய சம்ஹிதை. பிணத்தைத் தொடாமல் உடற்கூறு ஏது? எல்லாச் சாதியாரையும் தொடாமல் நாடி பார்ப்பது எங்ஙனம்? தொழிலின் தேவை ஒரு பக்கம் இழுக்க, சமூகத்தின் ஆணை மறுபக்கம் இழுத்தது. சரக சம்ஹிதையில் விஞ்ஞானத்தோடு பொருந்தாத பக்தி மொழிகள் இடையிடையே வருவதை அவர் விளக்கியது இந்த இழுபறியைக் கொண்டுதான். அவை அதிகாரத்துக்குக் கட்டிய கப்பம் என்றார். பிரம்மகுப்தரின் ராகுவும் அத்தகைய கப்பமே. கப்பம் கட்டிய பிறகு நிழலின் விட்டத்தை நிம்மதியாகக் கணக்கிடலாம்! ஆனால் கப்பம் வழக்கமாகிவிட்டால், அடுத்த தலைமுறை அதையே பாடம் என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

இந்தச் சிந்தனை அவருக்கு முன்பே ஒரு ரசாயனப் பேராசிரியருக்குத் தோன்றியிருந்தது. 1902-லும் 1909-லும் இரு தொகுதிகளாக ‘இந்து ரசாயன வரலாறு’ எழுதிய பிரபுல்ல சந்திர ராய், கைத்தொழில்கள் தாழ்ந்த சாதிகளின் தலையில் தள்ளப்பட்டதால், ஏன் எப்படி என்று கேட்கும் அறிவு வர்க்கம் கைவேலையிலிருந்து விலகிப் போயிற்று; அதுவே விஞ்ஞான உணர்ச்சி மங்கியதற்குக் காரணம் என்றார். தேவிபிரசாத் ராயைத் திரும்பத் திரும்பப் போற்றுகிறார். மார்க்சியர் மூளை உழைப்பு, உடல் உழைப்பு என்று பேசும் பிரிவினையை, மார்க்சியரல்லாத ஒரு விஞ்ஞானி தம் துறையின் வரலாற்றிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்பதே அவருடைய மகிழ்ச்சி.

கைக்கும் மூளைக்கும் உள்ள உறவை அவர் மிகவும் ஆர்வமாக விவாதிப்பது செங்கல் விஷயத்தில். ‘பண்டைய இந்தியாவில் விஞ்ஞான தொழில்நுட்ப வரலாறு’ என்ற அவருடைய கடைசிப் பெருநூலின் முதல் தொகுதி 1986-இலும், இரண்டாவது 1991-இலும், மூன்றாவது அவர் மறைந்தபின் 1996-இலும் வெளிவந்தன. வேள்வி மேடை கட்டும் முறையைக் கூறும் சுல்ப சூத்திரங்களில் உயர்ந்த ஜியோமிதி இருக்கிறது. பருந்து வடிவ மேடைக்கு ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 200 செங்கல், ஆக 1000 செங்கல். சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு அவை தரும் விதியைப் பாருங்கள்: பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு, அந்தப் பங்கில் நாலில் ஒன்றைக் கூட்டு, கடைசியாகக் கூட்டியதில் முப்பத்து நாலில் ஒன்றைக் கழி. நீங்களே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 577/408 வரும், அதாவது 1.4142157. இரண்டின் வர்க்கமூலம் 1.4142136. ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் பிழை சுமார் இரண்டு மைக்ரான்தான். என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பிடித்த காலத்தில் பெட்டியில் பூட்டி வைத்திருந்த மைக்ராமீட்டர் நூறில் ஒரு மில்லிமீட்டர், அதாவது பத்து மைக்ரான், வரைதான் காட்டும்.

இந்த அறிவு யாருடையது? புரோகிதர்களுடையது என்பது வழக்கமான விடை. தேவிபிரசாத் மறுத்தார். ரிக் வேதத்தில் செங்கல்லுக்குச் சொல்லே இல்லை. சிந்துவெளி நகரங்களிலோ 4:2:1 என்ற அளவு மாறாத செங்கற்கள் லட்சக்கணக்கில் கிடைக்கின்றன. ஆகவே ஜியோமிதி செங்கல் அறுத்தவர்களிடமும் கொத்தர்களிடமும் பிறந்தது. புரோகிதர் அதைச் சடங்குக்குள் எடுத்துக்கொண்டனர் என்றார். செங்கல் சூளையைப் பார்த்தவர்களுக்கு இதில் நியாயம் தெரியும். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். அச்சை எவ்வளவு பெரிதாகச் செய்தால் வெந்த கல் சரியான அளவில் வரும் என்பது அறுப்பவனுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. இன்றும் நம் கொத்தனார் மூலை மட்டம் பார்க்க நூலில் மூன்று, நாலு, ஐந்து என்று அளந்து பிடிக்கிறார். அவரைப் பித்தகோரசின் சீடர் என்று யாரும் அழைப்பதில்லை.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிந்துவெளி நகரங்கள் கி.மு. 1900-ஐ ஒட்டித் தளர்ந்தன. சுல்ப சூத்திரங்களில் பழமையானது கி.மு. 800-க்கு முன் போகாது என்பது பொதுக் கருத்து. இடையிலுள்ள ஆயிரம் ஆண்டுகளுக்குச் சுட்ட செங்கல் கட்டடச் சான்று மிகக் குறைவு. அந்தப் பள்ளத்தின் மேல் அவர் போட்ட பாலம் ஊகத்தால் ஆனது. மாணவன் தேர்வில் இப்படி ஒரு வரைகோட்டை இரண்டு புள்ளிகளுக்கிடையே இழுத்தால் நான் மதிப்பெண் குறைப்பேன்.

அதே கண்டிப்பை அவருக்கு மிகப் பிரியமான உத்தாலக ஆருணி விஷயத்திலும் காட்ட வேண்டியிருக்கிறது. சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர், மனம் உணவால் ஆனது என்று மகன் சுவேதகேதுவுக்குச் சொல்கிறார். நிரூபிக்க, பதினைந்து நாள் உண்ணாமல் தண்ணீர் மட்டும் குடித்திருக்கச் செய்கிறார். பதினைந்து நாளுக்குப் பின் வேதத்தைச் சொல் என்றால் மகனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. போய்ச் சாப்பிட்டு வா என்கிறார். சாப்பிட்டதும் எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. கிரேக்கத் தேல்சுக்கும் முற்பட்ட இயற்கை விஞ்ஞானி இவர். இது ஒரு சோதனை என்கிறார் தேவிபிரசாத். கருதுகோள் இருக்கிறது, ஒரு காரணி மட்டும் மாற்றப்படுகிறது, தண்ணீரை அனுமதித்து உணவை மட்டும் நீக்கியது அழகான யோசனை. பிறகு மாற்றத்தைத் திருப்பிப் போட்டு விளைவும் திரும்புகிறதா என்று பார்க்கப்படுகிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் சோதனைக்கு உட்பட்டவன் ஒரே ஒருவன், அவனோ மகன், தந்தை எதிர்பார்க்கும் விடை அவனுக்கு முன்பே தெரியும். தவிர, அதே அத்தியாயம் ஆன்மாவைப் பற்றிய உபதேசத்தில்தான் போய் முடிகிறது. வேதாந்திகள் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், தேவிபிரசாத் இந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டார். இருந்தாலும், நான் பள்ளியில் படித்த எந்தப் பாடப் புத்தகமும் இந்தப் பாதி இருப்பதாகவே எனக்குச் சொல்லவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் செய்முறை வகுப்பில் ஒரு காட்சியைக் காண்கிறேன். ஊசல் சோதனையில் நேரத்தை அளக்காமலேயே, ஈர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரிக்கார்டு நோட்டில் எழுதிவிடுவார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊசலின் நூலில் தூசி படிந்திருக்கும். அப்பா டர்னர், அண்ணன் வெல்டர் என்று பட்டறைக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள்தாம் இவர்களில் பாதிப் பேர். ஒருவனிடம், ஸ்க்ரூ கேஜை உன் அப்பாவிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவாரே என்றேன். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவின் தொழிலை நான் வகுப்பில் சொல்லிவிட்டது அவனுக்கு அவமானமாகிவிட்டது. அதை எதிர்பார்க்காதது என் தவறு. ராய் எழுதி நூறாண்டுக்கு மேல் ஆகியும் அந்த வெட்கம் எங்கள் சோதனைச்சாலை மேசையருகே அப்படியே நின்றது. மறு வாரம் என் தந்தையாரின் பழைய மைக்ராமீட்டரை வகுப்புக்கு எடுத்துச் சென்று, அது யாருடையது என்பதையும் சொல்லி, மேசைமேல் வைத்தேன். அந்தப் பையன்தான் முதலில் வந்து அதைக் கையில் எடுத்து, துடைத்து, பூச்சியப் பிழை இருக்கிறதா என்று திருகிப் பார்த்தான். இருந்தது, ஒரு கோடு.

ஆயாவிடம் இட்லி விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை.